பேஸ் நாப்பிலிருந்து கையை எடு

போன வாரம் எங்கள் இசைக்குழுவுக்குப் பேஸ் கிட்டார் வாசிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான். “அண்ணே, உங்க ஆம்ப் முன்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்படியே வச்சிக்கிறேன்.” அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. “அண்ணே, தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்குண்ணே. நீங்க வாசிக்கும்போது இப்படிக் கேக்காதே?”

அவன் மேல் தப்பில்லை, போட்டோ அனுப்பியதுதான் தப்பு. ஆம்பில், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியில், ஒரு நாப் (திருகு குமிழ்) எங்கே நிற்கிறது என்பது என் கிட்டார், என் விரல், நான் நிற்கிற அறை, பக்கத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கின் விடை. கணக்கே வேறு என்கிறபோது என் விடையைப் பார்த்து எழுதி அவனுக்கு எப்படி மார்க் வரும்? குரல் பதிவாகச் சொல்ல ஆரம்பித்தேன், பதினோரு நிமிடம் ஓடியும் கெயின் நாப்பை (கிட்டார் சத்தம் எவ்வளவு பலமாக ஆம்புக்குள் போக வேண்டும் என்று வைப்பது) தாண்டவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னப் புலம்பல். ஆங்கில வார்த்தைகளைத் தமிழில் எழுதினால் முகமும் பேஸ், அடித்தளமும் பேஸ், கிட்டாரும் பேஸ், ஆம்பில் இருக்கிற ஒரு நாப்பும் பேஸ். எழுத்தில் மட்டும் வரும் குழப்பம் இல்லை இது. பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறோம், ஆம்பில் பேஸ் என்றே பெயர் போட்டு ஒரு நாப் இருக்கிறது, அப்புறம் அதைத்தானே கூட்ட வேண்டும் என்று நான் முழுசாக இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் 40 வாட் காம்போ. வீட்டில் என் அறை பத்துக்குப் பத்து. பேஸ் (அடிச்சத்தம்) முழுசாக, ட்ரெபிள் (உச்சச் சத்தம்) முழுசாக, மிட் (நடுச்சத்தம்) பூஜ்யம். கேட்க அவ்வளவு இனிமையாக இருந்தது. கீழே கனம், மேலே பளபளப்பு, நடுவில் அசிங்கமான சத்தம் எதுவும் இல்லை. தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது கம்பியைத் திறந்து (எங்கும் அழுத்தாமல்) அடித்தால், அதாவது ஏ நோட்டை அடித்தால், சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் சேர்ந்து வாசிக்கும். அம்மா திட்டுவார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் மேடை, கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கீபோர்டு, ஆக்டபேட் (மின்னணு டிரம்), தபேலா, டோலக், இரண்டு பாடகர்கள், நான். வீட்டில் வைத்த அதே செட்டிங். மூன்று பாட்டு முடிந்திருக்கும், கீபோர்டு அண்ணன் தலையைத் திருப்பி, “தம்பி, நீ இன்னைக்கு வந்திருக்கியா இல்லையா?” என்றார். வால்யூமை ஏற்றினேன். ஆம்ப் புர்ர் என்றது. இன்னும் ஏற்றினேன். கோணிப்பைக்குள் யாரோ இருமுவது போல ஒரு சத்தம் வந்தது, நோட்டு எதுவும் வரவில்லை. இடைவேளையில் அவரே எழுந்து வந்து பேஸை பத்து மணிக்கு இறக்கினார், பூஜ்யத்தில் கிடந்த மிட்டை இரண்டு மணிக்கு ஏற்றினார், ட்ரெபிளை நடுவில் வைத்துவிட்டு, “இப்ப வாசி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். (மணிக்கணக்கு தெரியாதவர்களுக்கு: நாப்பின் கோடு நேராக மேலே பார்த்தால் பன்னிரண்டு மணி. இனிமேல் அப்படியே சொல்கிறேன்.)

தனியாக வாசித்துப் பார்த்தால் கேவலமாக இருந்தது. மூக்கடைத்த மாதிரி. பாட்டு ஆரம்பித்ததும் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்டது. எனக்கு மட்டுமில்லை, பாடுகிறவருக்கும். அன்றைக்குக் காரணம் புரியவில்லை, பிறகு பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டதுதான் மீதி.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, கீழ் ஈ, திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அடுத்தது 55, அப்புறம் 73, கடைசி 98. ஐந்து கம்பி கிட்டார் என்றால் கீழ் பி 31 ஹெர்ட்ஸ்வரை இறங்கும். சின்னப் பெட்டிக்குள் இருக்கிற பத்து அங்குல ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் என்பது எட்டாத கனி, அந்தப் பக்கம் போகப் போக அதன் சத்தம் வேகமாக விழுந்துவிடும். அப்படியானால் கீழ் ஈ நமக்கு எப்படிக் கேட்கிறது? ஒரு கம்பி அதிரும்போது 41 மட்டும் வருவதில்லை. 82, 124, 165 என்று மடங்கு மடங்காக மேற்சுரங்களும் கூடவே வருகின்றன. அவற்றைக் கேட்டு, அடியில் 41 இருக்கிறது என்று மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. இல்லாவிட்டால் செல்போனின் துக்கடா ஸ்பீக்கரில் பேஸ் லைன் எப்படிப் புரியும்? அதில் 41 வரவே வராது. ஆனாலும் பாட்டைக் கேட்டால் பேஸ் எங்கே போகிறது என்று முணுமுணுக்க முடிகிறதே.

இதனால்தான் மிட்டைப் பூஜ்யத்தில் வைப்பது தன் தலையைத் தானே வெட்டிக்கொள்வது என்கிறேன். நாம் என்ன நோட்டு வாசிக்கிறோம் என்று அடுத்தவருக்குச் சொல்வது பெரும்பாலும் 100க்கும் 1000க்கும் நடுவில் இருக்கிற சங்கதி. அதை வெட்டிவிட்டு, ஸ்பீக்கரால் தர முடியாத அடிப்பகுதியை ஏற்றினால் என்ன மிஞ்சும்? முனகல்தான்.

இருமலுக்கும் காரணம் இருக்கிறது. 10 டெசிபல் ஏற்றம் என்றால் பத்து மடங்கு வாட். 5 வாட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ஆம்பில் பேஸ் நாப்பை முழுசாகத் திருகினால் அந்தப் பகுதிக்கு மட்டும் 50 வாட், அதற்கு மேலும் கேட்கும். பெட்டியில் இருப்பதே 40. அப்போது ஆம்ப் அலையின் தலையை மழித்துத்தான் அனுப்பும், ஸ்பீக்கர் கூம்பு போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய்வரும். வால்யூம் போதவில்லை என்று தோன்றினால் முதலில் பேஸைக் குறைத்துப் பாருங்கள். ஆம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், சத்தத்தை இன்னும் ஏற்ற முடியும்.

சரி, அப்படியானால் வீட்டில் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது? இரண்டு ஏமாற்று வேலை. ஒன்று நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடிச்சுரங்கள் சரியாகக் கேட்காது, இதை பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பயந்து மெதுவாக வாசிக்கும்போது பேஸைக் கூட்டச் சொல்லிக் காது கேட்கும், கூட்டுவோம், இனிக்கும். அதே செட்டிங்கில் வால்யூமை மட்டும் மேடை அளவுக்கு ஏற்றினால் காது இப்போது அடிப்பகுதியையும் ஒழுங்காகக் கேட்கிறது, நாம் கூட்டி வைத்தது அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று அறை. எவர்சில்வர் தட்டுகள் ஏ நோட்டுக்கு மட்டும் ஏன் ஆடின என்று பிறகு ஒருநாள் கணக்குப் போட்டேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவே போய்த் திரும்புகிற அலை எந்த இடத்தில் தன் மேலேயே ஏறிக்கொள்ளும் என்று பார்க்க, 343ஐ 3.05இன் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். வருவது 56. ஏ நோட்டு 55! பத்துக்குப் பத்து அறை, இரண்டு ஜோடிச் சுவரும் அதே 56, இரட்டிப்பு உதவி. வாசித்தது நான் இல்லை, அறை. அதே அறையின் நடுமத்தியில் போய் நின்றால் அதே நோட்டு ஒளிந்துகொள்ளும், சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்தால் பூதமாக வரும். ஆம்பை மூலையில் வேறு வைத்திருந்தேன். தரை, இரண்டு சுவர் என்று மூன்று பக்கமும் அடிச்சுரத்தைத் திருப்பி அனுப்பும் இடம் அது, பேஸ் நாப்பைத் தொடாமலே பேஸ் ஏறிவிடும். தம்பியின் அறை என்ன அளவு என்று இன்னும் கேட்கவில்லை, கேட்க வேண்டும்.

நடுவில் வைத்தால் சமம் என்றும் எல்லா ஆம்பிலும் நம்ப முடியாது. இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. ஃபெண்டர் கம்பெனி 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரை இறக்கியது, அடுத்த வருடம் அதற்கென்றே பேஸ்மேன் என்று ஒரு ஆம்ப். ஐம்பதுகளின் கடைசியில் வந்த பேஸ்மேனில் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் ஒரே மின்சுற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்தச் சுற்று எதையும் கூட்டாது, குறைக்க மட்டும்தான் தெரியும். மூன்றையும் பன்னிரண்டு மணியில் வைத்தால் சமமாக வராது, சில நூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். ஓரளவு சமம் வேண்டும் என்றால் மிடிலை முழுசாக ஏற்றி மற்ற இரண்டையும் நன்றாக இறக்க வேண்டும். பேஸுக்காகச் செய்த அந்த ஆம்பை சாதாக் கிட்டார்காரர்கள்தான் கொத்திக்கொண்டு போனார்கள், லண்டனில் மார்ஷல் அறுபதுகளின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்பைச் செய்தபோது பார்த்து எழுதியதும் இதைத்தான்.

இன்னொரு வகை, பீட்டர் பாக்சண்டால் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1952இல் வெளியிட்ட சுற்று. இதில் நடுவில் வைத்தால் நிஜமாகவே சமம், வலப்பக்கம் கூட்டும், இடப்பக்கம் குறைக்கும். இன்றைக்கு நாம் கடையில் வாங்குகிற பெரும்பாலான பேஸ் ஆம்புகள் இந்த மாதிரிதான் நடந்துகொள்கின்றன. நாப்பைத் திருகும்போது நடுவில் ஒரு சின்னக் ‘க்ளிக்’ தட்டுப்பட்டால், அநேகமாக அதுதான் பூஜ்யம், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். க்ளிக் இல்லாத பழைய வால்வு வகை கையில் கிடைத்தால் எண்களை மறந்துவிட்டுக் காதை நம்புங்கள்.

ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி என்ற ஆம்ப் பற்றி எழுதாமல் போனால் பேஸ்காரன் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1969இல் வந்தது, 300 வாட், தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல், கீழே பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த, ஃபிரிட்ஜ் அளவுப் பெட்டி. எனக்கு அதில் பிடித்தது வாட் இல்லை, மிட் நாப்புக்குக் கொடுத்திருக்கும் சுவிட்ச். 220, 800, 3000 என்று மூன்று இடம். எந்த மிட்டைத் தொடப் போகிறாய் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறது. 220ஐ ஏற்றினால் நெஞ்சில் குத்துகிற தடிமன். 800ஐ ஏற்றினால் விரல் கம்பியில் உரசுவது, உறுமல், கூட்டத்தில் கையைத் தூக்கி நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டுவது. 3000 பிளெக்டரம் (மீட்டும் வில்லை) வைத்து வாசிப்பவர்களுக்கும் கட்டைவிரலால் அறைபவர்களுக்கும். நான் வீட்டில் கேட்டுக் கேவலம் என்று முகம் சுளித்த மூக்கடைப்பு முக்கால்வாசி அந்த 800ஐச் சுற்றித்தான், மேடையில் என்னைக் காப்பாற்றியதும் அதேதான்.

இப்போது நான் செய்வது. முதலில் ஆம்பைத் தொடுவதே இல்லை, கையைப் பார்ப்பேன். கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டை, பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் வந்து முடியும் இடம்) பக்கம் போகப் போகக் கறார். அந்த நாலு அங்குலத்துக்குள் எந்த ஆம்பிலும் இல்லாத அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரு பிரிசிஷன் பேஸ், மாற்றவே மாற்றாத பழைய வழுவழுப்புக் கம்பி, பிரிட்ஜ் மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்சு, வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல், இவ்வளவுதான் வைத்திருந்தார், ஸ்டுடியோவில் பெரும்பாலும் ஆம்ப் கூட இல்லாமல் நேரடியாகத்தான் பதிவானார். இதைச் சொன்னால் பையன்கள் ஸ்பாஞ்சு வாங்கப் போய்விடுகிறார்கள், விரலை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கிட்டாரின் சொந்த நாப்புகள். என்னுடையது இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), இரண்டு வால்யூம், ஒரு டோன். இரண்டையும் முழுசாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் நடுவில் லேசாகப் பள்ளம் விழும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் குரல் முன்னே வரும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். பேட்டரி போட்ட ஆக்டிவ் கிட்டார் என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஒரு கோவில் திருவிழாவில் கரகரவென்ற சத்தத்துக்கு ஆம்பின் அத்தனை நாப்பையும் அரை மணி நேரம் திருகிக்கொண்டிருந்தேன், கேபிளை மாற்றினேன், ஆக்டபேட்காரரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கிட்டாருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

கெயினை வைக்கும்போது இன்றைக்கு எவ்வளவு பலமாக வாசிக்கப் போகிறேனோ அவ்வளவு பலமாக அடித்து, சிவப்பு விளக்கு எப்போதாவது மினுக்கினால் கொஞ்சம் குறைத்து விட்டுவிடுவேன். மெதுவாக அடித்துக் கெயின் வைத்தால் முதல் குத்துப் பாட்டிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு எல்லா டோன் நாப்பும் நடுவில். பிறகு நீளமான கேபிளைப் போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போய் நின்று வாசித்துப் பார்ப்பேன். ஆம்ப் தரையில் இருக்கிறது, ட்ரெபிள் நேர்கோட்டில் போகிற ஜாதி, பக்கத்தில் நின்றால் அது முழுசும் முட்டிக்குத்தான் போய்ச் சேரும். நமக்குக் கேட்கவில்லை என்று ட்ரெபிளை ஏற்றுவோம், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் தாத்தாவுக்குக் காது கிழியும்.

மிட்டுக்கு அலைவரிசை மாற்றும் நாப் தனியாக இருந்தால் ஒரு தந்திரம் செய்யலாம். மிட்டை நன்றாக ஏற்றிவிட்டு, வாசித்துக்கொண்டே அந்த நாப்பை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருக வேண்டும். ஏதோ ஓரிடத்தில் சகிக்க முடியாத ஊளை ஒன்று வரும், அன்றைய அறையின் வியாதி அங்கே இருக்கிறது. அங்கேயே நிறுத்தி, ஏற்றிய மிட்டை நடுவுக்குக் கீழே கொஞ்சம் இறக்கினால் போதும். இப்படிக் குறைத்தே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டுவதற்கு நான் கை வைப்பது கடைசியில், அதுவும் இரண்டு மணியைத் தாண்டாமல். பேஸ் நாப்பைத் தொடுவது எல்லாவற்றுக்கும் பிறகு, பெரும்பாலும் இடப்பக்கம்தான். ஆக்டபேட்டின் கிக்கும் தபேலாவின் இடது கையும் கீபோர்டு அண்ணனின் இடது கையும் ஏற்கெனவே அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள், நாலாவது ஆளாக நானும் போய் நெருக்குவானேன்?

மேடையைப் பற்றி இரண்டு வார்த்தை. பலகை அடித்துப் போட்ட தற்காலிக மேடை என்றால் மேடையே ஒரு தவில், உள்ளே காலி. ஆம்பை நேராக அதன் மேல் வைத்தால் நாம் வாசிக்காத நோட்டெல்லாம் கேட்கும். ஜமுக்காளத்தை நாலாக மடித்துக் கீழே போட்டாலே நிறைய அடங்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி வைத்தால் இன்னும் நல்லது, காதுக்கு நேராக வரும், தரையால் ஏறும் பேஸும் குறையும். ஆனால் கால் ஆடாத நாற்காலியாகப் பார்த்து எடுக்க வேண்டும், கல்யாண மண்டபத்தில் அதைக் கண்டுபிடிப்பது டோன் வைப்பதை விடக் கஷ்டம்.

இன்னொரு விஷயம், பெரிய கச்சேரியில் இவ்வளவு பாடுபட்டு வைத்த டோன் ஜனங்களுக்குப் போகாமலே இருக்கலாம். ஆம்பின் பின்னால் சவுண்டுகாரரின் மிக்சருக்கு ஒயர் போகும் இடத்தில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ப்ரீயில் இருந்தால் சவுண்டுகாரருக்குப் போவது நாப்புகளுக்கு முந்தைய பச்சைச் சத்தம், நாம் திருகுவதெல்லாம் நமக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும்தான். ஆரம்பத்தில் இது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது நிம்மதியாக இருக்கிறது. வெளியே அவர் பார்த்துக்கொள்வார், மேடையில் பாடகருக்குச் சுருதி பிடிக்க என் நோட்டு தெளிவாகக் கேட்டால் போதும் என்று மிட்டைக் கூச்சமில்லாமல் ஏற்றி வைக்கலாம். ஆனால் சுவிட்ச் எதில் இருக்கிறது என்று ஆரம்பிக்கும் முன்பே அவரிடம் பேசிவிட வேண்டும், பாட்டுக்கு நடுவில் அதைத் தட்டினால் அவர் உங்களை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்.

நேற்று தம்பி ஒரு பதிவு அனுப்பியிருந்தான். பேஸைக் குறைத்து மிட்டை ஏற்றித் தனியாக வாசித்திருக்கிறான், பின்னால் ஃபேன் சத்தம், தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் கூவுகிறார்கள். “மூக்கால பாடுற மாதிரி இருக்குண்ணே” என்று கீழே எழுதியிருந்தான். அதையே வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரும்போது கேபிள் இரண்டாக எடுத்து வா, ஒன்று நீளமாக இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.